வீடியோவில் இல்லாத அண்ணை

என் மகளின் கலியாண வீடியோவில் ஓர் இடத்தில், மணவறையில் இருந்தபடி அவள் தலையை நிமிர்த்திச் சிரிப்பாள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பது தெரியாது. வீடியோ எடுத்தவர் கமராவைத் திருப்பிவிட்டார். திருப்பச் சொன்னவன் நான்.

அங்கே நின்றவர் என் அண்ணை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் வேலை செய்த காலத்திலிருந்தே பகிடிக்குப் பேர்போனவர். நடுக்குவாதம் வந்தபின் கை ஆடியது, முகம் இறுகிப் போனது. பகிடி விடும்போதும் கோபக்காரரைப் போலத் தெரிந்தார். "முகம்தான் சிரிக்க மறந்திட்டுது தம்பி, நான் மறக்கேல்லை" என்பார். அப்போது இளைய மகளுக்கும் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். வீடியோ கனடாவுக்குப் போகும், பார்ப்பவர்கள் பரம்பரை வருத்தமோ, குடும்பத்தில் ஓடும் நோயோ என்று கேட்பார்கள் என்று பயந்தேன். நெடுங்காலம் உயிரியல் படிப்பித்தவன் நான்; அது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை என்று தெரிந்தும் பயந்தேன்.

மணமக்களுக்கு அண்ணை அறுகரிசி போட்டபோது கை உதறி, மாப்பிள்ளையின் தலைப்பாகையெல்லாம் அரிசி சிதறியது. "இந்தக் கைக்கு அளவு தெரியாது பிள்ளை, அள்ளித்தான் போடும்" என்றார். அதற்குத்தான் மகள் சிரித்தாள்.

சில மாதங்களின் பின் அவரும் நானும் அந்த வீடியோவைப் பார்த்தோம். முடியும்வரை அவர் தன்னைத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"பிள்ளை சிரிச்சது என்ரை பகிடிக்குத்தானே?"

"இல்லை அண்ணை, அது அவளின்ரை மாமா சொன்னது. நீங்கள் கீழை கதிரையிலை இருந்தனியள்."

"ஓமோ?" தன் கையைப் பார்த்தார். "முதல் கை, பிறகு முகம். இப்ப மண்டையும் போயிட்டுது."

அவருடைய நினைவில் ஒரு குறையும் இருக்கவில்லை. வைத்தியரே அதைச் சொல்லியிருந்தார். மறதி என்ற அந்த ஒரு வருத்தத்தை அவருக்குக் கொடுத்தவன் நான். அதன்பின் அவர் பகிடி விடுவதில்லை. ஆலைக் கதைகளையும் பாதியில் நிறுத்தி, "உது நடந்ததோ, நான்தான் நினைக்கிறனோ?" என்று என் முகத்தைப் பார்ப்பார்.

இளையவளுக்கும் கலியாணம் முடிந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை. இருந்தும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேற்று அவரைப் பார்க்கப் போனபோது, சின்ன வயதில் கீரிமலைக் கேணியில் நான் தாழ்ந்துபோனதையும், தான் என்னைத் தலைமயிரில் பிடித்துத் தூக்கியதையும் சொல்லிக்கொண்டு வந்தவர் இடையில் நின்றுவிட்டார்.

"தூக்கினது நான்தானே தம்பி? வேறை ஆருமோ?"

"நீங்கள்தான் அண்ணை."

"நீ சொன்னால் சரி" என்றார்.