டேப்புக்கு அடியில் இருந்த நம்பர்

இது நடந்தது. நம்பாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பத்து நாளைக்கு முன்னால் யாராவது என்னிடம் இதைச் சொல்லியிருந்தால், யாருக்குக் காது குத்துகிறாய் என்று நானே கேட்டிருப்பேன். இதில் நள்ளிரவு கிடையாது, புயல் மழை கிடையாது. மதியம் மூன்று மணி பத்து நிமிடம். ஜன்னலில் நல்ல வெயில்.

பழைய ஃபிலிம் கேமராக்களைப் பார்த்து, எந்த வருடத்தது, என்ன விலை போகும் என்று சொல்வது என் தொழில். வீட்டு மாடி அறைதான் கடை. மேசைக்கு எதிர்ச் சுவரில் கறுப்பாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறேன், சரியாக நான்கு மீட்டர் தூரத்தில். தரையில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு வெள்ளைக் கோடு. ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அது போதும்.

அன்று காலை பக்கத்துத் தெருத் தையல்கார அக்கா ஒரு கேமராவைக் கொண்டுவந்தார். போன வருடம் இறந்துபோன கணவருடையது. கையில் வாங்கியதும் தெரிந்துவிட்டது, அருமையான சாமான். லென்ஸில் பூஞ்சை இல்லை. ஷட்டர் கடிகாரம் மாதிரி ஓடியது. ஒரே குறை, ஃபோகஸ் ரிங்கைச் சுற்றிக் கறுப்பு டேப் இறுக்கமாக ஒட்டியிருந்தது. ரிங் ஒரு மீட்டரில் நின்றிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் எதைப் படம் பிடித்தார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

"டேப்பை மட்டும் எடுக்காதீங்க தம்பி. அவர் ஒட்டினது."

பாவம், கணவர் ஞாபகம் என்று தலையாட்டி அனுப்பிவிட்டேன். ஆனால் லென்ஸ் நம்பர் அந்த டேப்புக்கு அடியில்தான் இருந்தது. நம்பர் தெரியாமல் வருடம் தெரியாது. வருடம் தெரியாமல் விலை சொன்னால் எனக்கும் ஜோசியக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? பார்த்துவிட்டுப் புது டேப் ஒட்டிவிடலாம் என்று, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப்பை உரித்தேன். நம்பர் பொருந்தியது. எல்லாமே ஒரிஜினல். எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்தது ஃபோகஸ் சோதனை. இந்த வகைக் கேமராவில் கண்ணை வைத்தால், நடுவில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் எதிரில் இருப்பது இரண்டாகத் தெரியும். ரிங்கைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகும். அப்போது ரிங்கில் உள்ள எண்தான் அந்தப் பொருள் இருக்கும் தூரம்.

ரிங்கைக் கடைசித் தூரத்துக்கு, படுத்த எட்டு மாதிரி இருக்கும் குறிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திருப்பினேன். நான்கில் பெருக்கல் குறி கச்சிதமாகச் சேர்ந்தது. ரிங் முழுதும் ஓடுகிறதா என்று மேலும் திருப்பினேன். நடுவில் இருப்பது வெறும் தரை. எதுவும் சேரக்கூடாது.

மூன்றில்... ஏதோ சேர்ந்தது.

சாம்பல் நிறத்தில் இரண்டு நிழல்கள் நெருங்கி வந்து... ஒன்றாகின. ஆள் உயரம்.

கேமராவை இறக்கிப் பார்த்தேன். மூன்றாம் கோட்டில் வெயில் மட்டும்தான் இருந்தது. கறையாக இருக்கும் என்று லென்ஸைத் துடைத்தேன்.

மணி மூன்று பதினான்கு. மறுபடி கண்ணை வைத்தேன். இப்போது ரிங்கை நான் திருப்பவில்லை.

கிர்ர்...

விரலுக்கு அடியில் அது தானாக நகர்ந்தது. இரண்டரை. அந்த உருவம் இரண்டாகப் பிரியவே இல்லை. ரிங்கோடு சேர்ந்து வந்தது.

கிர்ர்... இரண்டு. முகம் இருக்கவேண்டிய இடம் என் பக்கம் திரும்பியிருந்தது.

கண்ணை எடுக்கப் பயம். எடுத்துவிட்டால் அது எங்கே நிற்கிறது என்று தெரியாதே...

கிர்ர்... ஒன்றரை.

"என்னங்க, மேல யாரு?" கீழிருந்து என் மனைவி. "நடக்கிற சத்தம் கேக்குதே."

அந்தக் குரலில்தான் எனக்கு உயிர் வந்தது. இரு கையாலும் ரிங்கைப் பின்னால் திருப்பினேன். இரண்டு... மூன்று... நான்கு... படுத்த எட்டு.

கட்டம் காலியாக இருந்தது.

டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி ஒட்டினேன். மணி மூன்று பத்தொன்பது.

தையல்கார அக்காவுக்குப் போன் போட்டேன். டேப்பை எடுத்ததையும் பார்த்ததையும் சொன்னேன். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கத்தினேன்.

"சொன்னா யாரு தம்பி வாங்குவா? என் பொண்ணு அதை நோண்ட ஆரம்பிச்சுட்டா. வீட்டை விட்டுப் போனா போதும்னு கொண்டுவந்தேன்."

பிறகு மெல்லச் சொன்னார். அவர் கணவரும் அதை விற்கத்தான் நினைத்தாராம். நம்பர் பார்க்கத்தான் பழைய டேப்பை உரித்தாராம். பயந்துபோய் அன்றைக்கே ரிங்கைக் கடைசிக் குறிக்குத் தள்ளி, புது டேப் ஒட்டிவிட்டாராம். பதினோராவது நாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்து கிடந்தாராம்.

என்னிடம் வந்தபோது ரிங் ஒரு மீட்டரில் அல்லவா இருந்தது என்றேன்.

"ஆமா தம்பி. ஆனா டேப் பிரியவே இல்லை."

கேமராவை இரும்பு அலமாரியில் பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்துவைத்தேன். இன்று காலை இருவருமாகத் திறந்து பார்த்தோம். மூன்று சுற்று டேப்பும் நான் ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது.

ரிங் இரண்டு மீட்டரில் நிற்கிறது.

இன்று ஒன்பதாவது நாள்.