கூழு மாசத்துல அடைச்ச வால்வும், எல்லையம்மா திறந்த கதவும்

எல்லையம்மா பிள்ளைங்க எல்லாருக்கும் கும்பிடு. காசிமேட்டுல என்னைத் தெரியாதவன் கிடையாது. மூணாங்கிளாசு தாண்டல, ஆனா சொந்தமா ரெண்டு லாஞ்சு கடலுக்குப் போவுது. அப்பேர்ப்பட்ட என்னைப் போன ஆடியில மாடிப்படி ஏற விடாம மூச்சு மடக்கிப் போட்டுடுச்சு.

கொஞ்ச வருஷம் முன்னாடி எனக்கு நெஞ்சுல இரும்பு வால்வு வெச்சாங்க. அதுல ரத்தம் உறையாம இருக்க தினம் மாத்திரை. ஒரு நாளும் விட்டதில்ல, அதுல நான் கெட்டி. வால்வு டிக் டிக்னு கடியாரம் மாதிரி அடிக்கும்.

எங்க குப்பத்துல ஆடிக் கூழும் முருங்கைக்கீரையும் என் செலவு. பிரசாதமாச்சேன்னு மாசம் பூரா கீரையை அள்ளித் தின்னேன். மூச்சு வாங்கினப்போ விரதக் களைப்புன்னு நெனச்சேன். கடைசியில கோயில்லயே உட்கார்ந்துட்டேன், எழுந்திருக்க முடியல. அழுதேன். "அம்மா, உள்ள இன்னா ஆச்சுன்னு நீயே காட்டு."

தூக்கிவிட வந்த என் சம்சாரம் தனம், நெஞ்சுல காதை வெச்சா.

"யோவ், இன்னாய்யா, கடியாரச் சத்தமே கேக்கல?"

"உயிரோடதான கீறேன்?"

"வாய் ஓடுது, வால்வு ஓடல. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்கு."

அவ வாயில அம்மா பேசினா. எனக்கு அதுல சந்தேகமே இல்ல.

ஸ்கேன் எடுத்தாங்க. அப்புறம் எக்ஸ்ரே திரையில வால்வு ஆடுறதையே காட்டினாங்க. வால்வுல இருக்கிற ரெண்டு கதவுல ஒண்ணு அசையல. ரத்தக்கட்டி பிடிச்சு நிறுத்தியிருக்கு.

"ஐயா, சாப்பாட்டுல எதாவது மாத்தினீங்களா?"ன்னாங்க டாக்டரம்மா.

"அம்மன் கீரைம்மா. நெறைய."

"அந்தக் கீரை மாத்திரை வேலையைக் கெடுத்துடுச்சு."

"சாமிக்குப் படைச்சதாச்சே."

"சாமி கொஞ்சமாத்தான் சாப்பிட்டிருக்கும். மீதியெல்லாம் நீங்க."

தனம் சிரிச்சிட்டா. எனக்குச் சிரிப்பு வரல. கட்டியைக் கரைக்க மருந்து ஏத்தலாம், ஆனா மூளையில ரத்தம் கசியலாம். இல்லன்னா மறுபடியும் நெஞ்சைத் திறக்கணும்னாங்க. புயல்ல லாஞ்சைத் திருப்பினவன், தனம் கையைப் பிடிச்சுக்கினேன். "அம்மா, உன்னை நம்பித்தான்"னு சொல்லி மருந்தை ஏத்தச் சொன்னேன்.

சொட்டுச் சொட்டா ஏறுச்சு. தனம் வாயில எல்லையம்மா பேரைத் தவிர வேற பேச்சில்ல. மறுநாள் திரையில பார்த்தா, அந்தக் கதவு படபடன்னு அடிக்குது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன், டாக்டரம்மாவையும் சேர்த்து.

இப்போ கீரை அவங்க சொன்ன அளவுதான். ரத்தப் பரிசோதனைக்கு யாரும் இழுத்துக்கினு போவ வேணாம், நானே போறேன்.

உங்கள்ல வால்வு வெச்சவங்க யாருக்காவது மூச்சு வாங்குதா? கோயில் வாசல்ல உட்கார்ந்துடாதீங்க. என்னைக் கூப்பிடுங்க, என் வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறேன். போற வழியிலயே வேண்டிக்கலாம். அவளுக்குக் கேக்கும்.