கண்ணாடிக்குள் இருந்த மீட்டர்

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் தலைமை நர்ஸான அவளுக்கு வைத்த பெயர் கறாரக்கா. கையுறையைக் கழற்றாமல் யாராவது கைப்பேசியைத் தொட்டால் போதும், ஆள் யார் எவர் என்று பார்க்காமல் பிடித்துவிடுவாள். பெரிய டாக்டரே அவள் குரல் கேட்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். பத்தொன்பது வருஷமாக அதே பிரிவு. வேறு இடம் கொடுக்க வந்தபோதெல்லாம், "இங்கதான் எனக்குக் கை ஓடுது" என்று சொல்லிவிட்டாள். அவள் லீவு போட்டால் வீட்டில் கணவரும் மகளும் நடுங்குவார்கள். அன்றைக்கு மிளகாய்த்தூள் டப்பாவிலிருந்து மருந்துப் பெட்டி வரை எல்லாவற்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டப்படும்.

ஊருக்கு வெளியே தொழிற்சாலைகளில் இரும்புக் குழாய்களைக் கதிர்வீச்சு வைத்துச் சோதிப்பார்கள். அங்கே ஏதாவது ஏடாகூடமானால் ஆட்களை இங்கேதான் தூக்கி வர வேண்டும். அதற்காக நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்க நிர்வாகம் ஆறு வி.ஆர். கண்ணாடிகள் வாங்கியது. மாட்டிக்கொண்டால் எதிரே ஒரு வார்டு, ஸ்ட்ரெச்சரில் ஓர் ஆள், அவன் உடம்பெல்லாம் பச்சை நிறத்தில் கதிரியக்கத் தூசி. நிஜத்தில் கண்ணுக்கே தெரியாத சனியன் அது.

கண்ணாடியை அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. முதல் நாளே அவள் கை மூன்று தடவை முகத்துக்குப் போனதை அது காட்டிக்கொடுத்தது. "என்னையே மாட்டிவிட்டுடுச்சே" என்று சிரித்தாள். ரத்தம் கொட்டினால் முதலில் ரத்தத்தை நிறுத்து, தூசியை அப்புறம் பார். துணியை வெட்டிச் சுருட்டி எடு, உதறாதே. இதெல்லாம் கையில் ஏறும்வரை ஒரு மாதம் யாரையும் அவள் விடவில்லை.

பிறகு நிஜ அறையில் ஓர் ஒத்திகை வைத்தாள். வார்டு உதவியாளர் நோயாளியாகப் படுத்தார். அவளோடு பதினோரு வருஷம் வேலை பார்த்த நர்ஸ், எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுபவன், ஜோராக ஆரம்பித்தான். துணியை வெட்டினான், சுருட்டினான், பையில் போட்டுக் கட்டினான். அடுத்து, தலையைத் திருப்பாமலே இடது பக்கச் சுவருக்குக் கையை நீட்டினான். கதிர்வீச்சை அளக்கும் மீட்டர் வி.ஆர். கண்ணாடிக்குள் பார்த்தால் அங்கேதான் மாட்டியிருக்கும். முப்பது தடவை எடுத்துப் பழகிய கை வெறும் சுவரைத் தடவியது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், படுத்திருந்த நோயாளி உட்பட.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மீட்டர் எங்கே என்று விசாரித்தாள். பிரிவுக்கென்று ஒன்றுகூட வாங்கவில்லை. எக்ஸ்ரே அறை அலமாரியில் பழசு ஒன்று பூட்டிக் கிடந்தது. சாவி நிர்வாக அதிகாரியிடம். அவர் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். இல்லாத சாமானை எடுக்கவா ஒரு மாதம் பிள்ளைகளைப் போட்டு வாட்டினேன் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் அதிகாரி அவளை அறைக்குக் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். 'பயிற்சி முடிந்தது. பிரிவு தயார்' என்று அச்சடித்திருந்தது.

"கையெழுத்து மட்டும் போடுங்க சிஸ்டர். எல்லாரும் தொண்ணூறுக்கு மேல வாங்கியிருக்காங்க."

"மார்க் சரி சார். மீட்டர் எங்க?"

"வரும். ஆய்வுக்கு வர்றவங்க பேப்பரத்தான் பாப்பாங்க."

"அடிபட்டு வர்றவனும் பேப்பரையா பாப்பான்?"

"பேச்ச வளக்காதீங்க. தடுப்பூசிப் பிரிவுல ஆள் கேட்டிருக்காங்க."

மிரட்டல் புரியாத அளவுக்கு அவள் ஒன்றும் அசடு இல்லை. 'பயிற்சி முடிந்தது' என்பதை அப்படியே விட்டுவிட்டாள். 'பிரிவு தயார்' என்பதை அடித்து, மேலே 'மீட்டர் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த நாள் மாற்றல் உத்தரவு வந்தது. பத்தொன்பது வருஷ உழைப்பை நாலே வரியில் முடித்திருந்தார்கள், அதிலும் அவள் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

தடுப்பூசிப் பிரிவில் மூன்றாம் நாள் மதியம் நெட்டை போன் செய்தான்.

"அக்கா, 'பிரிவு தயார்'னு புதுசா ஒரு படிவம் அடிச்சுக் கொடுத்தாங்க. கையெழுத்துப் போடலேன்னா எனக்கும் மாற்றல்னாங்க, போட்டுட்டேன்."

அவள் கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"திட்டணும்னா திட்டிடுங்கக்கா."

"உன்னத் திட்டி என்ன ஆகப்போகுது? போடச் சொன்னவரு அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிடுவாரு. நாளைக்கு ஒருத்தனத் தூக்கிட்டு வந்தா, கதிர்வீச்சு எவ்வளவு இருக்குன்னு தெரியாமலே கையில வாங்கப்போறது நீதானேடா."

"தெரியும்க்கா," என்றான். "தெரிஞ்சுதான் போட்டேன்."