மாடு சப்பிய சட்டை

மகளோடு விடுமுறைக்குப் போன மார்செய் நகரத்தில், கடற்கரைத் தெருவெங்கும் சவர்க்காரக் கடைகள். ஒரு கட்டியை மகள் என் மூக்கருகே நீட்டினாள். அது பூ வாசம்தான். எனக்கு நினைவில் எழுந்ததோ பனம்பழம்.

தொண்ணூறுகளில், போர் நடந்த காலம், எங்கள் ஊரான கண்டாவளைக்குச் சவர்க்காரம் வரத் தடை. அம்மா பனம்பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, அந்த நுரையில் எங்கள் உடுப்புகளைத் தோய்ப்பார். இனிப்பு மணத்துக்கு மாடுகள் உடுப்புக் காயும் கொடியடிக்கு வந்துவிடும். என்னிடமிருந்த ஒரேயொரு பள்ளிக்கூடச் சட்டையின் ஒரு கையை அயல்வீட்டுப் பசு சப்பித் தின்றுவிட்டது. நான் குழறி அழுதேன்.

"அழாதை பிள்ளை. மற்றக் கையையும் வெட்டிவிட்டா கையில்லாச் சட்டை. வடிவா இருக்கும்," என்றார் அம்மா.

அன்றிலிருந்து உடுப்புக் காயும்வரை, கொதிக்கிற வெயிலில், தடியோடு கொடியடியில் குந்தியிருப்பார்.

ஹோட்டலுக்குத் திரும்பியதும் புதுச் சவர்க்காரம் போட்டு என் சட்டையொன்றைத் தோய்த்தேன். மூன்றாம் மாடி பல்கனியில் காயப்போட்டுவிட்டு, பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"அம்மா, கடலுக்கு வரேல்லையோ? இதில இருந்து என்ன செய்யிறியள்?" என்றாள் மகள்.

"உடுப்புக் காயட்டும், வாறன். மாடு கீடு வந்திடும்."