அதை மைக்கில் சொல்லுங்க

புதுச்சேரி மூலக்குளத்தில் இருக்கிற 'பொன்மாலை' முதியோர் குடியிருப்பில் ஐப்பசி பிறந்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மழைக்காலப் பாதுகாப்பாம். ரோட்டில் தண்ணீர் தேங்கும், கால் வழுக்கும், யாராவது விழுந்துவைத்தால் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? அதனால் பொங்கல் நெருங்கும்வரை, சொந்தக்காரர் நேரில் வந்து கூட்டிப்போனால்தான் உண்டு; தனியாக ஒருவரும் வெளியே காலடி வைக்கக் கூடாது. சொந்தக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள்? ஒருவர் கனடா, ஒருவர் துபாய், ஒருவர் பெங்களூரு. அதிலும் கனடாக்காரராவது வருஷத்துக்கு ஒருமுறை வந்து போகிறார். பெங்களூருக்காரர் அதுவும் இல்லை. ஆக, பூட்டியது பூட்டியதுதான்.

அகஸ்டினாவுக்கு இது அறவே பிடிக்கவில்லை. பிடிக்காததை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுப் போகிற ஆளும் இல்லை அவள். முத்தியால்பேட்டையில் ஒரு காலத்தில் 'ஆரோன் சவுண்ட் சர்வீஸ்' என்றால் கல்யாணம், காது குத்து, கோயில் திருவிழா, மாதா தேர், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதுதான். ஆரோன் ஒயரை இழுப்பார், மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார், அவ்வளவுதான். பேசாத மனுஷன். பேச வேண்டியதெல்லாம் அவர் பெண்டாட்டி அகஸ்டினாதான் பேசுவாள். சாமான் ஏற்றுவது, இறக்குவது, குடித்துவிட்டு வந்து பாட்டை மாற்றச் சொல்கிறவனை விரட்டுவது, "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்வது வரைக்கும் அவள் வேலை. இன்றைக்கும் அவள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாலே டைனிங் ஹாலில் யாராவது ஒருவர் கையிலிருந்து ஸ்பூன் நழுவும்.

ஒரு கல்யாணத்தில் நடந்த கதையை அந்தத் தெருவில் பல பேர் சொல்லிக் கேட்டிருக்கலாம். மாப்பிள்ளையின் பெரியப்பா, பெரிய மனுஷர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தார். "பொம்பளை எல்லாம் ஆம்ப்ளிஃபயர்ல கை வெக்கிறதா? எந்திரிச்சிப் போ அந்தாண்ட" என்றார். ஆரோன் ஸ்குரூ டிரைவரோடு நின்றார். அகஸ்டினா மைக்கைக் கழற்றி எடுத்துவந்து, ஸ்விட்சைப் போட்டு, அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். "இப்ப சொன்னீங்களே, அதை மைக்ல சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்." பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெரிய மனுஷர் தொண்டையைக் கனைத்தார்; அந்தக் கனைப்பு நாலு தெருவுக்குக் கேட்டது. அதோடு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.

அன்றையிலிருந்து அது வீட்டுப் பேச்சாகிவிட்டது. மகன் யூஜின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பொய் சொன்னால், "அதை மைக்ல சொல்லுவியாடா?" என்பாள். பையன் அப்போதே வழிக்கு வந்துவிடுவான். இப்போது அந்தப் பையன் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறான். தலை நரைத்துவிட்டது. அப்பா போனபிறகு அம்மாவைத் தனியே விட மனசில்லாமல் பொன்மாலையில் சேர்த்தவனும் அவன்தான்.

விஷயத்துக்கு வருவோம். போன வருஷம் ஐப்பசியில், போர்டிகோவில் நின்ற மழைத் தண்ணீரில் அகஸ்டினா வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டுப்போய், கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டோடு படுத்திருந்தபோதே நவம்பர் ரெண்டாம் தேதிக் கல்லறைத் திருநாள் வந்து போய்விட்டது. உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் ஊரே தத்தம் ஆட்களின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்திப் பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தது. ஆரோனுடையது மட்டும் புல் மண்டி இருட்டாகக் கிடந்ததாம். பழைய தெருக்காரி ஒருத்தி போனில் இதைச் சொன்னாள். ஊருக்கெல்லாம் சீரியல் பல்ப் கட்டிவிட்ட மனுஷனுக்கு ஒரு மெழுகுவத்தி இல்லை. அகஸ்டினா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த வருஷம் என்ன ஆனாலும் சரி, ரெண்டாம் தேதி நான் அங்கே இருப்பேன் என்று மாவுக்கட்டுக் கையால் கட்டிலைத் தட்டிச் சொன்னாள்.

அந்த அடுத்த வருஷம் இப்போது வந்திருக்கிறது. கேட் பூட்டியிருக்கிறது.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் ஒரு பையில் சுண்ணாம்பும் பிரஷும், இன்னொரு கையில் குடையுமாகக் கேட்டுக்குப் போனாள். வாட்ச்மேன் கலியமூர்த்தி சாவியைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொண்டார். மேனேஜர் பிரேம்குமார் ஓடிவந்தார். நல்ல பிள்ளைதான், எல்லாவற்றுக்கும் 'ப்ளீஸ்மா' சேர்த்துப் பேசுவார்.

"ப்ளீஸ்மா, மழை கொட்டுது. ரூல்ஸும்மா."

"ரூல்ஸ் ஆருக்கு முசியே? எனக்கா, மழைக்கா?" கோபம் வந்தால் அவள் வாயில் பழைய பிரெஞ்சுப் புதுச்சேரி எட்டிப்பார்க்கும்.

"உங்க சன்னே சொல்லிட்டாரும்மா, இந்தச் சீசன்ல வெளிய விடாதீங்கன்னு. அவரு வேணாம்னு சொல்றப்ப நான் எப்பிடி விடறது?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் யூஜினைப் போனில் பிடித்தாள். அவன், "யம்மா, போன தடவை கை. இந்தத் தடவை இடுப்பு போச்சுன்னா? அடுத்த வருஷம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்மா" என்றான். போன வருஷமும் இதையேதான் சொன்னான். "நெட் சரியில்ல, கட் ஆவுதும்மா" என்றான். நெட் சரியாகத்தான் இருந்தது.

பக்கத்து அறை ராஜாம்பாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வில்லியனூர்ப் பக்கம் நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பம்; அகஸ்டினாவை விட ரெண்டு வயசு இளையவள், அதனால் அக்கா என்பாள். "வுட்டுத் தள்ளுக்கா. நம்மள இன்னா நாத்தங்காலு மாரி வேலி போட்டு அடைக்கிறானுவ. ஆடு வந்து மேஞ்சிடும்னா?" என்றாள். அகஸ்டினா அழுதுகொண்டிருந்தவள், சிரித்துவிட்டாள். அழுகை நின்றபிறகுதான் அவளுக்கு யோசனை ஓட ஆரம்பித்தது.

வெளியே விடாததற்குப் பதிலாக உள்ளே விழா நடத்துவார்கள். நாற்காலி யோகா, கலர் அடிப்பது, பலூன் தட்டுவது. இந்த வருஷம் நிகழ்ச்சிகளைக் கவனிக்கிற சிந்தியா என்ற பெண் 'இலையுதிர்கால விழா' என்று ஒன்றை எங்கிருந்தோ கண்டுபிடித்து வந்தாள். எல்லோர் கையிலும் கத்தரிக்கோல் கொடுத்து, ஆரஞ்சுக் கலர் தாளில் ஐந்து விரல் விரித்த இலைகளாக வெட்டச் சொன்னாள்.

ராஜாம்பாள் ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தாள். "இன்னா இலைம்மா இது? ஐப்பசில எந்த ஊர்ல இலை கொட்டுது? எங்க ஊர்ல இப்ப நட்ட பயிரு பச்சப் பசேல்னு நிக்கும்."

"ஃபாரின்ல கொட்டும் ஆன்ட்டி. ஃபேமிலி எல்லாம் வீடியோல பாப்பாங்க, அழகா இருக்கும்" என்றாள் சிந்தியா. பாவம், ஆசையாகத்தான் சொன்னாள். "ரெண்டாம் தேதி காலைல விழா. அன்னிக்கு ஆல் சோல்ஸ் டே இல்ல? அதனால பேட்டரி கேண்டில் வெச்சு, போட்டோ வெச்சு, ஒவ்வொருத்தரும் மைக்ல அவங்க ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசலாம். பசங்க எல்லாம் பெரிய ஸ்கிரீன்ல லைவா இருப்பாங்க."

அகஸ்டினா இலை வெட்டுவதை நிறுத்தினாள். "மைக்கா?" என்றாள்.

"ஆமா ஆன்ட்டி. பேசறீங்களா?"

"பேசறேன் கண்ணு. என் பேரைக் கடைசியா போடு." அதற்கப்புறம் அவள் வெட்டிய இலைகள்தான் இருந்ததிலேயே அழகாக இருந்தன.

ரெண்டாம் தேதி விடியும்போதே மழை. ஹால் முழுக்க ஆரஞ்சு இலைகள் தொங்கின. மேசைமேல் பேட்டரி மெழுகுவத்திகள் வரிசையாகக் கண் சிமிட்டின. ஊதினாலும் அணையாது, தொட்டாலும் சுடாது. திரையில் கட்டம் கட்டமாகப் பிள்ளைகளும் மருமகள்களும். ஒரு கட்டத்தில் யூஜின், அந்த ஊர் விடியற்காலையில், ஸ்வெட்டரோடு. ஒவ்வொருவராக எழுந்து இரண்டு வார்த்தை பேசினார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிரேம்குமார் கை தட்டினார். கடைசியில் அகஸ்டினா.

வெளியே போகிறவளாட்டம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். மைக்கை ஒரு தட்டுத் தட்டினாள். பழக்கதோஷம்.

"ஹலோ. என் ஊட்டுக்காரரு பேரு ஆரோன். அவருக்கு நான் இங்க பேச ஒண்ணுமில்ல. அவரு இங்க இல்ல, உப்பளத்துல இருக்காரு. போன வருஷம் அவரு கல்லறை இருட்டா கெடந்துது. இந்த வருஷம் நான் போறேன். இந்த பேட்டரி வத்திய அவரு பாத்தா பேட்டரியக் கழட்டிப் போட்டுடுவாரு."

ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரேம்குமார் எழுந்து நின்றார். அவள் கையைக் காட்டி உட்கார வைத்தாள்.

"தம்பி, உங்க மேல தப்பு இல்ல. என் புள்ள வேணாம்னான், நீங்க கேட்டைச் சாத்துனீங்க. அதனால அவனையே கேக்குறேன்." மைக்கைத் திரைக்கு நேராக நீட்டினாள். "யூஜினு. அப்பா கல்லறைக்கு அம்மா போவக் கூடாதுன்னு என்கிட்ட போன்ல சொன்னியே. அதை இப்ப மைக்ல சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

கட்டங்களில் இருந்த அத்தனை முகங்களும் அசையாமல் நின்றன. நெட் இப்போதும் சரியாகத்தான் இருந்தது. யூஜின் கண்ணாடியைக் கழற்றினான். நரைத்த தலையோடு அவன் பழைய பள்ளிக்கூடத்துப் பையனாகத் தெரிந்தான் அவளுக்கு. ஆனாலும் அவள் கையை இறக்கவில்லை.

"நீ விழுந்துட்டா என்னம்மா பண்றது?" என்றான் கடைசியில். "நான் இங்க இருக்கேன்மா. தூக்கக்கூட ஆள் இல்ல."

"அப்பிடிக் கேளு. இதை மைக்ல கேக்கலாம்" என்றாள் அகஸ்டினா. "விழுந்தா எழுந்திருப்பேன். எழுந்திருக்க முடியலன்னா, அங்கதான் அப்பா பக்கத்துல எடம் இருக்குதே. வண்டிச் செலவு மிச்சம்."

யூஜின் அழுதான், சிரித்தான், ரெண்டும் ஒன்றாக வந்தது. "போயிட்டு வாம்மா" என்றான். "நான் கேட்டேன்னு அப்பாகிட்ட சொல்லு." பிறகு, "மேனேஜர் சார், கேட்டைத் தொறந்து விடுங்க" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னான்.

பிரேம்குமார் தானே காரை எடுத்தார். ராஜாம்பாள் கூப்பிடாமலே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "நீங்க எங்கம்மா?" என்றார் அவர். "எங்க ஆளை எரிச்சாச்சி, போய்ப் பாக்க ஒரு எடமில்ல. அக்கா ஊட்டுக்காரரையாவது பாத்துட்டு வரேன்" என்றாள். அதற்கு அவர் ப்ளீஸ்மா சொல்லவில்லை. கலியமூர்த்தி கேட்டைத் திறக்கும்போது சாவிக்கு இருந்த அவசரத்தைப் பார்க்க வேண்டுமே!

உப்பளத்தில் மழையும் விடவில்லை, கூட்டமும் குறையவில்லை. குடைக்குள் குடையாக ஜனம். பங்குச் சாமியார் ஒருவர் தொப்பலாக நனைந்தபடி, தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு போனார். மழையில் சுண்ணாம்பு அடிக்க வழியில்லை. ராஜாம்பாள் உட்கார்ந்து, களை பறித்துப் பழகிய கையால் புல்லைச் சரசரவென்று பிடுங்கித் தள்ளினாள். அகஸ்டினா வாசலில் வாங்கிய சாமந்தியைப் போட்டு, தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி, அதற்குள் மெழுகுவத்தியை நட்டு ஏற்றினாள். அணைந்தது. ஏற்றினாள். அணைந்தது. பிரேம்குமார் குடையைச் சாய்த்துப் பிடித்தார். மூன்றாவது தடவை நின்றுவிட்டது. ஈரச் சாமந்திக்கு நடுவில் ஆரோன் பேர் தெரிந்தது.

"யூஜினு கேட்டான்" என்றாள் அவரிடம், அவளால் முடிந்த அளவு மெதுவாக. அக்கம்பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கிளம்பத் திரும்பினவள், சேற்றில் கால் வைத்தாள். அவ்வளவுதான். சடாரென்று உட்கார்ந்துவிட்டாள், குடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.

"ஐயையோ, அக்கா!" என்றாள் ராஜாம்பாள். பிரேம்குமார் குடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார்.

"தொடாதீங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள் அகஸ்டினா. சாமியாரே மந்திரிப்பதை நிறுத்திவிட்டார். பிரேம்குமார் நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. அவள் கையை ஊன்றிப் பார்த்தாள், காலை அசைத்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. பிறகு ஆரோனின் சிமெண்ட் சிலுவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு முட்டியைக் கொண்டுவந்து, மூச்சை வாங்கி, மறு முட்டியைக் கொண்டுவந்து, எழுந்தாள். இடுப்பிலிருந்து கீழே பூராவும் சேறு. பின்னால் மெழுகுவத்தி எரிந்துகொண்டுதான் இருந்தது.

"இப்பப் போயி மைக்ல சொல்லுங்க தம்பி," என்றாள். "அகஸ்டினா விழுந்தான்னு சொல்லுங்க. அதோட நிறுத்திடாதீங்க. எழுந்துட்டான்னும் சொல்லுங்க."