ஃப்ரீசரில் இருந்த பெரிய பாட்டில்

"பெரிய பாட்டில் எங்கங்க?"

போன வாரம் ஓசூரில் ஒரு டாக்டர் கேட்ட கேள்வி இது. கேட்டது என் தங்கை கணவர் முருகேசனிடம். அவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். தங்கை செல்விக்குக் கொஞ்ச நாளாகவே இருமல், மூச்சு வாங்கல். எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. டிபியாக இருக்கலாம். புற்றுநோயாகவும் இருக்கலாம். எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த நீரையே எடுத்து லேபில் சோதிக்க வேண்டும். எனக்கு இதில் முழு நம்பிக்கை உண்டு. நோயாளி மறைப்பார், சொந்தக்காரர்கள் கூட்டிச் சொல்வார்கள்... நீருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

முதுகில் ஊசி போட்டு எடுத்தார்கள். சின்ன பாட்டில்களில் கொஞ்சம், பெரிய பாட்டிலில் நிறைய. நம் ஊர் வழக்கப்படி, லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது வீட்டுக்காரர் வேலை. சின்ன பாட்டில்கள் போய்ச் சேர்ந்தன. பெரியது?

"வீட்ல இருக்குதுங்க... ஃப்ரீசர்ல" என்றார் முருகேசன்.

அவர் ஓசூர் தொழிற்பேட்டையில் பெயின்ட் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி சூப்பர்வைசர். அங்கே எந்த பேட்ச் வெளியே போனாலும் கொஞ்சம் எடுத்து, லேபிள் ஒட்டி, பத்திரமாக வைத்துவிடுவார்கள். நாளைக்கு கஸ்டமர் கம்ப்ளெயின்ட் பண்ணினால் மறுபடி சோதிக்க வேண்டுமே! அதே புத்தியில் மனைவியின் நுரையீரல் நீருக்கும் லேபிள் ஒட்டி, பட்டாணி பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "ஏன் மாப்ள, இது என்ன பெயின்டா?"

"இல்ல மச்சான்... இங்க தப்பா ஏதாச்சும் சொல்லிட்டாங்கன்னா, பெங்களூர்ல இன்னொரு தடவ பாத்துக்கலாம்னுதான்..."

இது எங்கள் ஓசூர்க்காரர்களின் தனி வியாதி. சாதாரணத் தலைவலியைக்கூட பெங்களூர் சொன்னால்தான் நம்புவோம்!

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். புற்றுநோய் செல் இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்கத்தான் அந்தப் பெரிய பாட்டில். உறைய வைத்தால் செல்கள் உடைந்துவிடும், எதுவும் தெரியாது. சின்ன பாட்டில்களின் ரிசல்ட் டிபி பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் இதைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆக... மறுபடியும் ஊசி.

செல்வி திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டினாள்.

இந்த முறை பாட்டில்களை நானே கொண்டுபோனேன். கவுன்டர் பெண் பாதிக் கன்னடத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, "ஸ்வல்ப வெயிட் மாடி சார்... எல்லாம் கரெக்டா இருக்குது" என்றாள். அவள் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும்.

ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய் செல் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து டாக்டர் சொல்லிவிட்டார் — டிபிதான்.

டிபி என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட குடும்பத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அந்த ரூமில் நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

"ஆறு மாசம் மாத்திரைம்மா. ஒரு நாள்கூட விடக்கூடாது" என்றார் டாக்டர்.

"ஆறு மாசந்தானுங்களா?" என்றாள் செல்வி. "அத்தன நாள் நான் இருப்பனான்னுதானுங்க யோசிச்சிட்டிருந்தேன்."

மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.