குளவி மலையில் நடந்தவள்

1. தொங்கல் காம்பரா

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு நான் முதன்முதலாகப் போன அன்று, நடுப்பகலிலேயே எதிரே உள்ள லய வீட்டு வரிசை தெரியாத அளவுக்குப் பனி மூடியிருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவிலிருந்து வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. லயத்தின் தொங்கலில், கடைசி வீட்டுக் காம்பரா வாசலில் நின்று குரல் கொடுக்க வாயெடுத்தேன். உள்ளே ஓர் இளம்பெண் யாரையோ கடிந்துகொண்டிருந்தாள்.

"தலைய தொவட்டிட்டு வா. சளி புடிச்சா யாரு பாக்குறது?"

கதவைத் திறந்த லெட்சுமியம்மாவிடம், மகளும் வீட்டில் இருப்பது நல்லதாகப் போயிற்று, அவளிடமும் பேசவேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எந்த மக? புஷ்பம் குளவி கொட்டி செத்து ஒரு வருசம் ஆவுதுங்க மிஸ்."

உள்ளே அவருடைய இளைய பிள்ளை மட்டும்தான் இருந்தது. இருபது வயது தாண்டிய, மீசை அரும்பிய பிள்ளை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடியபடி, அதே பெண் குரலில் அதே வார்த்தைகளை மறுபடியும் சொன்னது. நான் வாசற்படிக்கே பின்வாங்கிவிட்டேன். படித்தவளுக்கு என்ன பயம் என்று கேட்பவர்கள் அந்தக் காம்பராவுக்குள் ஒரு தரம் நின்று பார்க்கட்டும்.

2. கேட்டா சொல்வேன்

கிளினிக் டொக்டர் 'ஓட்டிசம்' என்று எழுதி அனுப்பிய பிள்ளை அது. இவர்களில் சிலர் எப்போதோ கேட்ட பேச்சை அதே குரலில் திருப்பிச் சொல்வார்கள். மனம் பதறும்போது பிடித்துக்கொள்ள அது ஒரு கைப்பிடி. எனக்கு அது தெரியும்.

தோட்டத்துக்குத் தெரிந்த கதை வேறு. புஷ்பம் விழுந்த தேயிலை மலைக்கு இப்போது குளவி மலை என்றே பேர். பனி இறங்கும் நேரத்தில் அவளுடைய பச்சைப் பாவாடையில் ஓர் உருவம் அங்கே நடப்பதைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் கண்டிருந்தார்கள். காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டில் அந்த மலைக்கு வேலை என்று சொன்னால் ஒருத்தியும் கூடையைத் தொடவில்லை. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு தொண்டை கிழியக் கத்தியும் பலனில்லை. கடைசியில் எல்லாம் அப்பா மாரிமுத்துவின் தலையில் விடிந்தது. தம்பி மேல் அக்கா இறங்கியிருக்கிறாள், ஓட்டிவிடு என்றார்கள். வட்டவளையில் இருந்த, பேய் ஓட்டும் கோடாங்கிக்கு ஆள் போயிற்று.

நான் அதற்குள் பல தடவை போய்விட்டேன். முகத்துக்கு முகம் பார்த்தால் பிள்ளை பேசாது. பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தபடி, ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கோ வாயை மூடுவதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை.

பனி இறங்கும் நேரத்தில் பிள்ளை வீட்டில் இருப்பதில்லை என்பதைக் கவனித்திருந்ததால், குளவி மலைக்கு ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

"அங்க யாரும் வர மாட்டாங்க. பாவாட கட்டலாம்."

அக்கா ஞாபகமாகவா என்றேன்.

"இல்ல. நான் பொம்பள. பேரு மலர்."

மரக்கறி விலை சொல்வதுபோல் சொன்னாள். இனி நானும் அவள் என்றே எழுதுகிறேன். வீட்டில் நான் சொல்லட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றாள். நீங்களே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"யாரும் கேக்கலியே. கேட்டா சொல்வேன்."

3. உடுக்கு

கோடாங்கியின் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பேயிடம் பேர் கேட்பார், எப்போது போவாய் என்பார், பிரம்பால் அடிப்பார். பிறகு உச்சிமுடியை அறுத்து மரத்தில் ஆணி அடிப்பார். மலர் ஆசையாகத் தோள்வரை வளர்த்த முடி அது.

அவர் வந்து இறங்கிய அன்று தடுத்துப் பார்த்தேன். நீங்களும் வந்து பார்த்தாயிற்று, என்ன மாறியது என்று மாரிமுத்து கேட்டார். லெட்சுமியம்மாவுக்கும் இதில் விருப்பமில்லை, ஆனால் காரணம் வேறு. என் காதோரம் வந்து சொன்னார்.

"அவளயும் ஓட்டிட்டா, நான் யாரு கொரல மிஸ் கேக்குறது?"

நான் மலரிடம் போனேன். இன்றைக்குக் கேட்கப் போகிறார்கள், சொல்ல விருப்பமா, இல்லையென்றால் இப்போதே ஜீப்பில் கூட்டிப்போகிறேன் என்றேன். சொல்கிறேன் என்றாள். பிறகு கோடாங்கியிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். கேள்வி கேட்கும்போது உடுக்கை நிறுத்துங்கள், பதில் வரும்வரை கை ஓங்காதீர்கள். அவர் முறைத்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

சாயங்காலப் பனி காம்பராவுக்குள்ளேயே வந்துவிட்டது. உடுக்கு அதிர அதிர மலர் காதைப் பொத்திக்கொண்டு, "பயப்படாத, அக்கா இருக்கேன்" என்று புஷ்பத்தின் குரலில் சொன்னாள். வாசலில் நின்ற பெண்கள் பின்வாங்கினார்கள். உடுக்கு நின்றது.

"நீ யாரு? புஷ்பமா?"

பதிலே இல்லை. பிரம்பு மேலே எழுந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல. புஷ்பம் அக்கா செத்துட்டாங்க. நான் மலர்."

அது புஷ்பத்தின் குரல் இல்லை. அந்த வீட்டில் அதுவரை யாருமே கேட்டிராத குரல்.

"இந்த ஒடம்புக்குள்ள எப்ப வந்த?"

"பொறந்ததுல இருந்து இருக்கேன்."

"எப்ப போவ?"

"போக மாட்டேன். இது என் ஒடம்பு."

"என்னா வேணும் ஒனக்கு? கோழியா, சாராயமா?"

"உடுக்க அடிக்காதீங்க, காது வலிக்குது. முடிய வெட்டாதீங்க."

கோடாங்கி பிரம்பைக் கீழே வைத்தார். "பேயி மொதல்ல பேருலதான் பொய் சொல்லும். இது கேட்டதுக்கெல்லாம் நேரா சொல்லுது. பேயில்லப்பா, ஒன் புள்ள," என்று மாரிமுத்துவிடம் சொல்லிவிட்டு எழுந்தார். கோழியை மட்டும் மறக்காமல் தூக்கிக்கொண்டார்.

லெட்சுமியம்மா தரையில் விழுந்து புஷ்பத்தின் பேர் சொல்லி அழுதார். சாவு வீட்டில்கூட அவர் அழவில்லையாம். மாரிமுத்து பனிக்குள் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் மலரோடு பல மாதம் பேசவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குளவி மலைக்குப் பெண்கள் திரும்பிப் போனார்கள், சாமியைக் கும்பிட்டுக்கொண்டே.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சத்தத்தை நிறுத்திவிட்டு, நீங்கள் யார் என்று கேளுங்கள். பதில் வரும்வரை இருங்கள். வந்த பதிலை நம்புங்கள்.

கடைசியாகப் போன அன்றும் அதே பனி. அதே வாசலில் கால் வைக்கும்போது உள்ளேயிருந்து அதே குரல் வந்தது.

"தலைய தொவட்டிட்டு வா, மலரு. சளி புடிச்சா யாரு பாக்குறது?"

கதவு திறந்திருந்தது. துண்டை நீட்டியபடி நின்றவர் லெட்சுமியம்மா. புஷ்பத்துக்கு அந்தக் குரல் யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.